குழாயும் கூடையும்

தம்பானூர் பஸ் நிலையத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திருவனந்தபுரம் விமான நிலையத்தில், 2025 ஜூன் 14 அன்று அழையா விருந்தாளியாக ஒரு பிரிட்டிஷ் எஃப்-35பி போர்விமானம் இறங்கியது. வானிலை மோசம், தாய்க்கப்பலான ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’க்குத் திரும்ப முடியவில்லை, எரிபொருளும் குறைந்துகொண்டிருந்தது. பிறகு ஹைட்ராலிக் கோளாறும் சேர்ந்துகொள்ள, ஜூலை 22 வரை அங்கேயே நின்றது. கேரள சுற்றுலாத் துறை அதையும் ஒரு விளம்பரமாக்கிவிட்டது!

டாங்க் காலியானால் தரையைத் தேடித்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை உடைக்கப் பார்த்தவர்களில் ஒருவர் ஆங்கிலேயரான ஆலன் காபம். அவர் குறிவைத்த ஊர் கராச்சி, அதாவது அன்றைய இந்தியா. 1934 செப்டம்பரில் எங்கும் இறங்காமல் இங்கிலாந்திலிருந்து பறந்து வர முனைந்தார். மேலே பறக்கும் விமானத்திலிருந்து குழாய் தொங்கும். கீழே உள்ளவர் கூரைத் திறப்பு வழியே எழுந்து நின்று அதைக் கையால் பிடிப்பார். மால்டாவுக்கு மேலே இரண்டாம் முறை எரிபொருள் ஏறியது. அப்புறம் த்ராட்டில் இணைப்பில் இருந்த ஒரு சின்ன ஸ்பிளிட் பின் கழன்றுவிட, பயணம் மால்டாவிலேயே முடிந்தது.

கையை நம்பிய முறைக்கு மாற்றாக, குழாயின் முனையில் கூடை, பின்னால் வரும் விமானத்தின் மூக்கருகே நீட்டுக்குழல் என்ற ஏற்பாட்டைக் காபமின் நிறுவனமே கொண்டுவந்தது. 1949 ஆகஸ்டில் அதன் துணையோடு ஒரு மீட்டியர் ஜெட் 12 மணி நேரத்துக்கு மேல் வானிலேயே இருந்தது.

கேட்கச் சுலபம்தான். ஆனால் நெருங்கி வரும் விமானத்தின் மூக்கு காற்றையும் தள்ளிக்கொண்டு வருகிறது; கூடை கடைசி நொடியில் விலகி ஓடும். பொறுமையிழந்து பாய்ந்தால் வேறு வம்பு. குழாய் தொய்ந்து, சாட்டை சொடுக்கியதுபோல ஓர் அலை ஓடிவந்து நீட்டுக்குழலை முறித்துவிடும். ஆகவே டேங்கர் விமானத்தில் உள்ள உருளை அந்தத் தொய்வை உடனுக்குடன் சுருட்டியாக வேண்டும். அதுவும் தவறினால் நுனி மட்டும் ஒடியட்டும் என்று, வேண்டுமென்றே பலவீனமான ஓர் இணைப்பையும் வைத்திருக்கிறார்கள்.

இந்திய விமானப்படைக்கு இந்த வித்தை 2003-இல் வந்தது. தாஷ்கண்டில் கட்டப்பட்ட ஆறு இல்யூஷின்-78 டேங்கர்கள் ஆக்ராவில் குடியேறின. மறு ஆண்டே அவற்றின் துணையோடு ஜாகுவார்கள் அலாஸ்காவரை போய்வந்தன. 2018 செப்டம்பர் 10 அன்று தேஜஸின் முறை: 20,000 அடி உயரம், 270 நாட் வேகம், கைமாறியது 1,900 கிலோ எரிபொருள். அதற்கு முன்பே, எரிபொருள் இல்லாமல் வெறுமனே கூடையில் பொருந்திப் பார்த்த ஒத்திகைகளும் நடந்திருந்தன.

கூடையே எல்லோருக்கும் போதும் என்றில்லை. அமெரிக்காவின் போயிங் வகுத்த வழியில், விறைப்பான ஒரு குழலை டேங்கரில் இருப்பவரே இயக்கி, கீழே வரும் விமானத்தின் முதுகிலுள்ள குழியில் பொருத்துவார். எரிபொருள் வேகமாகப் பாயும். அரக்கோணம் ராஜாளி தளத்திலிருந்து கடலைக் கண்காணிக்கும் பி-8ஐ விமானங்களுக்கு இருப்பது அந்தக் குழிதான். ஆக்ராவின் இல்யூஷின்களிடமோ கூடைகள் மட்டுமே. இரண்டும் ஒரே வானில் பக்கத்தில் பக்கத்தில் பறந்தாலும் ஒரு சொட்டுகூடக் கைமாறாது.