ஒரே ஒரு செல்லோக்காரருக்காக

1761 மே மாதம் எஸ்டர்ஹாசி இளவரசரிடம் துணை இசை இயக்குநராக வேலைக்குச் சேர்ந்தபோது இசையமைப்பாளர் யோசஃப் ஹைடனுக்கு வயது 29. இன்றைய ஆஸ்திரியாவில் இருக்கும் ஐசென்ஸ்டாட் அரண்மனையில் வேலை. இளவரசர் கேட்பதை எழுதித் தர வேண்டும். எழுதியதை வெளியாருக்குக் கொடுக்கவோ, பிரதி எடுக்க விடவோ கூடாது என்று ஒப்பந்தமே சொன்னது.

கையில் இருந்ததோ சின்ன இசைக்குழு. ஆனால் வாசித்தவர்கள் கெட்டிக்காரர்கள். அவர்களில் யோசஃப் வைகல் என்ற செல்லோக் கலைஞர் ஹைடனின் நண்பரும் ஆனார். பின்னாளில் அவர் மகனுக்கு ஹைடனே ஞானத்தந்தை. சேர்ந்த வருடமே எழுதிய ‘காலை’, ‘நண்பகல்’, ‘மாலை’ சிம்பொனிகளில் செல்லோவுக்குத் தனி வாசிப்பு இடங்களை ஹைடன் கொடுத்தார். அதே வைகலை மனதில் வைத்துத்தான் 1765க்குள், தனிச் செல்லோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் சி மேஜர் செல்லோ கான்செர்ட்டோ பிறந்திருக்க வேண்டும்.

இசைத்தாளைப் பார்த்தாலே அப்படித்தான் தோன்றும். செல்லோவுக்கு ஒரே வரிதான். அதில் சில இடங்களில் ‘தனி’, சில இடங்களில் ‘எல்லோரும்’ என்ற குறிப்பு. தனி வாசிப்பு முடிந்ததும் அதே கலைஞர் குழுவோடு சேர்ந்து கீழ்க்குரலை வாசிக்க வேண்டும், ஏனென்றால் அங்கே வேறு செல்லோ கிடையாது. மனிதரை அறிந்து எழுதிய இசை இது. பெருவிரலையே தந்திமேல் பதித்து உச்ச ஸ்தாயிக்குப் போகவேண்டிய இடங்களை, வாசிப்பவரின் கைமேல் நம்பிக்கை இல்லாதவர் எழுதமாட்டார்.

பிறகு அது காணாமல் போனது. ஹைடன் தன் படைப்புகளின் தொடக்கச் சுரங்களைக் குறித்துவைத்த கையெழுத்துப் பட்டியலில் மட்டும் அதன் முதல் அடி மிஞ்சியது. இப்படியொரு கான்செர்ட்டோ இருந்தது என்பது ஆய்வாளர்களுக்குத் தெரியும், இசைதான் இல்லை.

1961இல் ஓல்ட்ரிச் புல்கெர்ட் என்ற செக் ஆய்வாளர், பிராக் தேசிய அருங்காட்சியகத்தில், ராடெனின் கோட்டையிலிருந்து வந்த பழைய இசைத்தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றில் ஒரு பிரதியின் தொடக்கம் ஹைடனின் பட்டியலோடு பொருந்தியது. பிரதி எடுக்கத் தடைபோட்ட அந்த விதி எழுத்துக்கு எழுத்து நின்றிருந்தால் இன்று நமக்கு இந்த இசை இல்லை. யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து எழுதிய பிரதிதான் அதைக் காப்பாற்றியது. அந்தக் கைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

1962 மே 19 அன்று பிராகில் மிலோஷ் சாட்லோ வாசிக்க, சார்லஸ் மெக்கரஸ் நடத்த, அது மறுபடி ஒலித்தது. செல்லோ படிக்கும் பிள்ளைகள் இன்று உலகெங்கும் இதைப் பயில்கிறார்கள்.

முதல்முறை கேட்பவர்கள் மூன்றாம் பகுதியிலிருந்து தொடங்குங்கள். வயலின்கள் வேகமாக ஓடிக்கொண்டிருக்க, செல்லோ ஒற்றைச் சுரத்தை நீட்டிப் பிடித்தபடி நுழையும். அந்த இடத்தைத் தவறவிடாதீர்கள்.