அலுமினியத் தூள் அரிமானம்

ஈரம் பட்ட அலுமினியத் தூள் தானே சூடேறுவது ஒரு மின்வேதி நிகழ்வு. விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தம் போன்ற பட்டாசு ஊர்களில் இது பாடநூல் செய்தியல்ல, உயிர்ப் பிரச்சினை.

அரிக்கப்படும் உலோகம் ஒவ்வொன்றும் ஒரு சின்ன மின்கலமே. உலோகம் எலக்ட்ரானை இழந்து கரையும் இடம் ஆனோடு. அந்த எலக்ட்ரானை நீரோ ஆக்சிஜனோ ஏற்கும் இடம் கேத்தோடு. எலக்ட்ரானை விட்டுவிடும் நாட்டத்தைத் திட்ட மின்முனை அழுத்தம் காட்டும்: மக்னீசியம் −2.37, அலுமினியம் −1.66, இரும்பு −0.44, செம்பு +0.34 வோல்ட். இந்தக் கணக்குப்படி அலுமினியப் பாத்திரம் தண்ணீரில் நிலைக்கவே கூடாது. நிலைப்பதற்குக் காரணம் மேலே படியும் மெல்லிய ஆக்சைடுப் படலம். காரம் அதைக் கரைத்துவிடும்.

நைட்ரேட் கலந்த ஈரப் பட்டாசு மருந்தில் நடப்பது அதுதான். அலுமினியம் நைட்ரேட்டை அம்மோனியாவாக ஒடுக்குகிறது, கலவை காரமாகிறது, படலம் கரைய, வினை இன்னும் விரைகிறது. மூக்கில் ஏறும் அம்மோனியா நெடியே முதல் எச்சரிக்கை. வெப்பம் வெளியேற வழியின்றிக் குவியலாகக் கிடந்தால் மருந்து தானே தீப்பற்றலாம். ஈரமாகப் பிசைந்து உருட்டும் மணி மருந்தில் இந்த ஆபத்து கூடுதல். சிறிதளவு போரிக் அமிலம் சேர்த்தால் காரத்தன்மை அடங்கும்.

மற்ற உலோகத் தூள்களும் ஈரத்தில் அரிக்கப்படும். மக்னீசியத்துடன் செம்பு உப்பு சேர்ந்து ஈரமானால் செம்பு உலோகமாகப் படிந்து கேத்தோடாகிவிடும். மக்னீசியம் வேகமாகக் கரையும். கம்பி மத்தாப்பின் இரும்புத் தூளுக்கு எண்ணெய் பூசுவது துருவைத் தடுக்க. துருப்பிடித்த தூள் பொறி விடாது.