ஆட்டத்தின் முதலடி



2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பாரிஸ் மாநகரில் நடைபெற்ற ஒலிம்பிக் விழாவிலே, ஓட்டமும் பாய்ச்சலும் மற்போரும் நிகழ்ந்த வரிசையில் ஒரு நடனமும் போட்டியாக இடம்பெற்றது. நிலத்திலே கையூன்றிக் கால்களை வீசியும், தலையை அச்சாக்கி உடலைப் பம்பரம்போற் சுழற்றியும் ஆடும் பிறேக் நடனமே அது. மகளிருள் ஜப்பான் நாட்டு அமி யுவாசாவும், ஆடவருள் கனடா நாட்டுப் பிலிப் கிம்மும் தங்கப்பதக்கம் பெற்றனர். அதனைத் திரையிற் கண்ட இளைஞர்க்கு இயல்பாக எழும் கேள்வி ஒன்றுண்டு: இதனை எங்கே தொடங்குவது? அக்கேள்விக்கு விடை காண, அந்நடனத்தின் வரலாற்றையும் நமது யாழ்ப்பாணத்துக் கூத்தின் வரலாற்றையும் அருகருகே வைத்து நோக்குவது பயன் தரும்.

பிறேக் நடனம் அரண்மனையிலோ கலாசாலையிலோ பிறந்ததன்று. 1970களில் நியூயோர்க் நகரின் பிராங்ஸ் பகுதி வறுமையாலும் எரிந்து பாழான வீடுகளாலும் சீர்குலைந்து கிடந்தது. ஜமேக்காவிலிருந்து அங்கு குடியேறியவர் கிளைவ் காம்பெல். கூல் ஹேர்க் என்ற பெயரால் உலகம் அவரை அறியும். 1973 ஆகஸ்ட் 11ஆம் நாள், தம் சகோதரி ஏற்பாடு செய்த ஒரு விருந்திலே அவர் இசைத்தட்டுக்களை இயக்கினார். பாட்டு ஓய்ந்து கொட்டு மட்டும் ஒலிக்கும் பகுதியிலேதான் ஆடுவோர் உள்ளம் துள்ளுகின்றது என்பதை அவர் கண்டுகொண்டார். ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை மாறிமாறி ஓடவிட்டு அப்பகுதியை நீட்டிக் கொடுத்தார். அப்பகுதிக்கு ஆங்கிலத்திலே பிறேக் என்று பெயர். அதற்கு ஆடியவரின் ஆட்டம் பிறேக் நடனமாயிற்று. சூழ நின்றோர் வட்டமாக நிற்க, ஒருவர்பின் ஒருவராக நடுவே இறங்கி ஆடுவதே அதன் முறை.

இவ்வாட்டத்தைத் தொடங்குவோன் முதலிற் கற்பது தலைச்சுழற்சியன்று. நின்ற நிலையிலே தாளத்துக்கு அடிவைத்தல் முதற்பாடம். கைகளை நிலத்தில் ஊன்றி, ஆறு அடிகளிற் கால்களை வட்டமாகச் சுற்றிக் கொணர்தல் இரண்டாம் பாடம். ஓடும் உடலை ஒரு கணம் சிலைபோல் நிறுத்துதல் அடுத்தது. சுழற்சி இவற்றுக்குப் பின்னரே வரும். மணிக்கட்டும் தோளும் கழுத்தும் வலுப்பெறுமுன் சுழல முனைவோன் ஊறுபட்டு ஆட்டத்தையே கைவிட நேரும்.

இவ்வொழுங்கு நமக்குப் புதியதன்று. ஈழத்துக் கூத்து மரபிலே ஆட்டம் பழக வந்தவர் தொழிற்கலைஞர் அல்லர். பகலெல்லாம் வயலிலும் கடலிலும் உழைத்தவர்கள். அண்ணாவியார் ஒவ்வொருவரின் குரலையும் உடற்கட்டையும் நோக்கிப் பாத்திரம் வகுத்துச் சட்டங் கொடுப்பார். பின்னர் மாதக்கணக்காக இரவு தோறும் மத்தள ஒலிக்குக் கால் பழகல் நடக்கும். மட்டக்களப்பு மரபில் எட்டு, நாலடி, குத்துமிதி, வீசாணம் என அடிவகைகளுக்குப் பெயர்களே உள. அடி தேறிய பின்னரே சதங்கை அணிதல், அதன்பின் அடுக்குப் பார்த்தல், முடிவில் அரங்கேற்றம். ஆட்டக்களமும் வட்டக்களரியே, ஊரார் சுற்றியிருக்க நடுவே ஆடுவர். பிராங்ஸ் இளைஞரின் வட்டத்துக்கும் இதற்கும் பிறப்புறவு இல்லை. ஆயினும், கற்போனைச் சுற்றி ஒரு வட்டம் வேண்டும் என்ற உண்மையை இரு மக்களும் தனித்தனியே கண்டனர்.

யாழ்ப்பாணத்திலே நிகழ்ந்தது யாது? வட்டுக்கோட்டைப் பகுதியில் வடமோடிக் கூத்தின் ஆட்டம் நெடுங்காலம் பேணப்பட்டது. ஆனால் குடாநாட்டின் பல இடங்களில் ஆட்டம் மெல்ல மெல்ல அருகியது. கரையோரக் கத்தோலிக்கரிடையே வழங்கிய தென்மோடிக் கூத்திலே பாட்டு ஓங்கியது. அண்ணாவியார் பூந்தான் யோசேப்பின் பெயர் அம்மரபில் நிலைத்தது. தமிழகத்திலிருந்து வந்த நாடகக் குழுக்களின் செல்வாக்கால் ஆர்மோனியத்தோடு கூடிய இசைநாடகம் வேரூன்றியது, காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து மயான காண்டத்தால் மக்கள் உள்ளத்தைக் கவர்ந்தார். இவை இழிந்தவையல்ல, அரிய செல்வங்களே. எனினும் பாட்டைக் கேட்டு வளர்ந்த தலைமுறை கால் பழகவில்லை. கற்றோர் கூத்தாடி என்னும் சொல்லை வசையாகவும் வழங்கினர். முதலடி கற்பிக்கப்படாத இடத்தில் ஆட்டம் ஒரு தலைமுறைக்குள்ளே விடைபெற்றுவிடும்.

அவ்விழப்பைக் கண்டு வருந்தியதோடு அமையாதவர் தெல்லிப்பழையிற் பிறந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன். பேராதனைப் பல்கலைக்கழகத்திலே தமிழ் கற்பித்த அவர், வந்தாறுமூலை அண்ணாவியார் செல்லையாவை வரவழைத்து மாணவர்க்கு ஆட்டம் பழக்குவித்தார். 1962இல் கர்ணன் போர், 1963இல் நொண்டி நாடகம், 1964இல் இராவணேசன், 1968இல் வாலிவதை என அவை மேடையேறின. விடிய விடிய ஆடிய கூத்தைச் சில நாழிகைக்குள் அவர் சுருக்கினார். ஆனால் அடி பழகும் காலத்தைச் சுருக்கவில்லை. ஏடு பிடித்த கையினர் பலர் அங்கே முதன்முறையாகக் காலால் தாளம் கற்றனர். பட்டம் பெறப்போகும் மாணவர் ஊர் அண்ணாவியாரின் முன் மாணாக்கராக நின்றமையே அம்முயற்சியின் பெருஞ்சிறப்பு என்று கூறலாம். கூத்தாடி என்ற வசைச்சொல்லின் கூர் மழுங்கியதும் அதனாலன்றோ?

ஆதலால், இன்று பிறேக் நடனம் தொடங்க விழையும் இளைஞர்க்கு வரலாறு தரும் விடை எளிது. வழுக்காத, துப்புரவான தரையொன்றைத் தேர்க. உடலைச் சூடேற்றிக்கொள்க. பாட்டை விட்டுக் கொட்டைக் கேட்க. அதற்கு நின்று அடிவைக்கக் கற்க. தனியே நில்லாது நாலு நண்பரைச் சேர்த்து வட்டமாக நிற்க. அவ்வட்டத்திலே ஒருவர் தவறினால் மற்றையோர் நகையாது திருத்துக.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பிள்ளை நிலத்திற் கையூன்றி ஆடுவதைக் கண்டு, தெருக்கூத்து என்று முகஞ்சுளிக்க வேண்டா. தாளம் காலில் ஏறிய பிள்ளைக்கு எவ்வாட்டமும் அயலன்று. இன்று ஆறடி பழகுபவன் நாளை அண்ணாவியார் ஒருவரின் முன் நின்று நாலடி கேட்கவும் கூடும். அவன் கேட்கும் நாளில், சொல்லிக் கொடுக்க ஓர் அண்ணாவியாரும் அடிக்க ஒரு மத்தளமும் நம் ஊரில் இருத்தல் வேண்டும். அதற்கு ஆவன செய்வது பெரியோராகிய நமது கடன்.