குறைந்த காற்றே காத்த உயிர்கள்

1952 ஆகஸ்டில் கோபன்ஹேகன் நகரை இளம்பிள்ளைவாதம் உலுக்கியது. மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகள் பிளெக்டாம் மருத்துவமனையில் அடுத்தடுத்து இறந்தார்கள். மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன், தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, ரப்பர் பையை அமுக்கி நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்திக் காட்டினார். சுமார் 1,500 மாணவர்கள் முறைவைத்து இரவு பகலாகப் பையை அமுக்கினார்கள். நவீன தீவிர சிகிச்சைப் பிரிவு பிறந்தது அங்கேதான்.

அந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்குப் பழுதுபட்டது தசை, நுரையீரல் அல்ல. வைரஸ் நிமோனியாவில் நிலைமை தலைகீழ். 1967இல் அமெரிக்காவின் டென்வர் நகர மருத்துவர்கள் ஆஷ்பாவும் பெட்டியும் குழுவினரும் 12 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். நால்வருக்கு வைரஸ் தொற்று. எல்லோருக்கும் நுரையீரல் நீர்கோத்து விறைத்திருந்தது. ஏழு பேர் பிழைக்கவில்லை. இன்று ஏ.ஆர்.டி.எஸ். என்று சொல்லப்படும் நிலையின் முதல் தெளிவான பதிவு இது.

விறைத்த நுரையீரலுக்கு எவ்வளவு காற்று? அறுவை அரங்கில் மயக்க நிலையில் இருப்பவருக்குச் சிறுசிறு மூச்சாகக் கொடுத்தால் காற்று நுண்ணறைகள் சுருங்கி மூடிக்கொள்கின்றன என்று 1963இல் பாஸ்டன் மருத்துவர்கள் காட்டியிருந்தார்கள். அதனால் உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மி.லி. வரை கொடுப்பது வழக்கமாயிற்று. நலமான நுரையீரலுக்குப் பொருந்திய அந்தக் கணக்கை நோயுற்ற நுரையீரலுக்கும் போட்டதில்தான் ஆபத்து இருந்தது.

1974இல் வெப், டியர்னி இருவரும் நலமான எலிகளுக்கு 45 செ.மீ. நீர் அழுத்தத்தில் காற்றுச் செலுத்தினார்கள். ஒரு மணி நேரத்துக்குள் நுரையீரலில் நீர்கோத்து எலிகள் செத்தன. மூச்சு வெளியேறும்போது 10 செ.மீ. அழுத்தத்தை விட்டுவைத்தபோது சேதம் வெகுவாகக் குறைந்தது. குற்றவாளி அழுத்தமா, கொள்ளளவா? 1988இல் பிரான்ஸின் டிரேஃபஸ் எலிகளின் மார்பையும் வயிற்றையும் பட்டையால் இறுக்கிக் கட்டி, அதே உயர் அழுத்தத்தைக் கொடுத்தார். நுரையீரல் விரிய இடமில்லை, நீரும் கோக்கவில்லை. சேதத்துக்குக் காரணம் அளவுமீறிய விரிவுதான் என்பது உறுதிப்பட்டது.

இத்தாலியின் கட்டினோனி சி.டி. ஸ்கேனில் இன்னொன்றைக் கண்டார். ஏ.ஆர்.டி.எஸ். வந்த பெரியவரிடம் காற்று புகக்கூடிய பகுதி ஐந்தாறு வயதுக் குழந்தையின் நுரையீரல் அளவுக்கே மிஞ்சியிருந்தது. பெரியவருக்கான காற்று முழுவதையும் அந்தச் சிறு பகுதி தாங்க வேண்டியிருந்தது. கிழிபடும் திசுவிலிருந்து அழற்சிப் பொருள்கள் இரத்தத்தில் கலந்து சிறுநீரகம் போன்ற உறுப்புகளையும் தாக்கக்கூடும் என்பதைப் பின்னால் வந்த ஆய்வுகள் சுட்டின.

இவ்வளவு தெரிந்தும் மருத்துவர்கள் தயங்கினார்கள். காற்றைக் குறைத்தால் இரத்தத்தில் கரியமில வாயு கூடுமே! ஓரளவு கூடினாலும் பரவாயில்லை என்று 1990இல் நியூசிலாந்தின் ஹிக்லிங் துணிந்து எழுதினார். 2000இல் அமெரிக்காவில் 861 நோயாளிகளிடம் நடந்த சோதனை தீர்ப்புச் சொன்னது: கிலோவுக்கு 12 மி.லி. பெற்றவர்களில் 39.8 சதவீதம் பேர் இறந்தார்கள், 6 மி.லி. பெற்றவர்களில் 31 சதவீதம். புதிய மருந்து எதுவுமில்லை; திருகியது ஒரு குமிழை மட்டுமே.

இங்கே கிலோ என்பது தராசு காட்டும் எடையல்ல. உடல் பருத்தாலும் நுரையீரல் பெருப்பதில்லை. அது உயரத்தைப் பொறுத்தது. 165 செ.மீ. உயரமும் 90 கிலோ எடையும் உள்ள ஆணுக்குக் கணக்கில் கொள்ள வேண்டியது சுமார் 61 கிலோ. கிலோவுக்கு 6 மி.லி. வீதம் மூச்சுக்கு ஏறத்தாழ 370 மி.லி. பழைய வழக்கப்படி 90 கிலோவுக்கு 12 மி.லி. கொடுத்தால் 1,080 மி.லி. உள்ளே போகும்.

காற்றளவோடு படுக்கும் நிலையும் முக்கியம். 2013இல் பிரான்ஸின் கெரேன் குழு, கடும் ஏ.ஆர்.டி.எஸ். நோயாளிகளை ஒரு தடவைக்குக் குறைந்தது 16 மணி நேரம் குப்புறப் படுக்கவைத்தது. 28 நாளில் இறப்பு 32.8 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாயிற்று.

கோவிட் இந்தப் பாடங்களையெல்லாம் சோதித்தது. 2020இல் நியூயார்க் மருத்துவமனைக் குழுமம் ஒன்றில் வென்டிலேட்டரில் இருந்த 601 கோவிட் நோயாளிகளில் 89 பேருக்கு நுரையீரலிலிருந்து காற்று கசிந்து மார்புக்குள்ளோ தோலடியிலோ தேங்கியது. வைரஸே திசுவை நலிவாக்கியிருக்க, எந்திரம் தரும் மிதமான அழுத்தமும் சிலருக்குத் தாங்கவில்லை என்று கருத இடமிருக்கிறது.

ஆனால் இந்தப் பாடங்கள் எங்கும் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. கோவிடுக்கு முன்பே, 2016இல் வெளியான 50 நாடுகளின் ஆய்வில், ஏ.ஆர்.டி.எஸ். நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவானவர்களே கிலோவுக்கு 8 மி.லி. அல்லது அதற்குக் குறைவான மூச்சளவு பெற்றிருந்தார்கள். கடும் நிலையில் இருந்தவர்களில் குப்புறப் படுக்கவைக்கப்பட்டவர்கள் 16 சதவீதமே. சரியான மூச்சளவு உயரத்தைப் பொறுத்தது என்பதால், நோயாளி படுக்கைக்கு வந்ததும் அளவுநாடாவால் உயரத்தை அளந்து எழுதும் வழக்கத்தை ஒவ்வொரு தீவிர சிகிச்சைப் பிரிவும் கட்டாயமாக்க வேண்டும்.