வீட்டு இன்வெர்ட்டர்: சுமைக் கணக்கு, பேட்டரி, ஒயரிங்

1. ஆய்வு எல்லை

தமிழ்நாட்டில் மின்தடை இருவகைப்படும். பராமரிப்புப் பணிக்காகக் காலையில் நிறுத்தும் மின்சாரம் பெரும்பாலும் மாலைக்குள் வந்துவிடும். 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலோ டெல்டா கிராமங்கள் பலவற்றை வாரக்கணக்கில் இருளில் தள்ளியது. இன்வெர்ட்டர் ஈடுகொடுப்பது முதல் வகைக்கு மட்டுமே. கூரையில் சோலார் இருக்கிறதே என்றும் இருந்துவிட முடியாது. பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைத்த சோலார், கம்பத்தில் வேலை செய்வோரின் பாதுகாப்புக்காக, கரண்ட் போனதும் தானே நின்றுவிடும்.

சில மணி நேரத் தடைக்கு எதை வாங்குவது என்பதே இங்கு ஆய்வு. பெரிய பேட்டரிக்குப் பணம் போடுமுன் சுமையைக் குறைக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

2. சுமைக் கணக்கு

"எத்தனை ஃபேன், எத்தனை லைட்?" என்று கடையில் கேட்பார்கள். எந்த ஃபேன் என்பதே முக்கியம். பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி ஃபேனுக்கு 30 வாட் போதும். மூன்று பழைய ஃபேன், 20 வாட் எல்இடி டியூப் நான்கு, 10 வாட் மோடம் ஆகியவை சேர்ந்து 315 வாட். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 1,800 வாட்-மணி. இன்வெர்ட்டரில் ஐந்தில் ஒரு பங்கு வீணாவதாகக் கொண்டால் மிஞ்சுவது 1,440. கணக்குப்படி நான்கரை மணி நேரம் ஓட வேண்டும், ஓடாது. அந்த 150 என்ற எண், 7.5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் மெல்ல எடுத்தால் கிடைப்பது. இங்கே 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கிறோம். புது பேட்டரியே மூன்றரை மணி நேரம் தாண்டுவது அரிது. ஃபேன் மூன்றையும் மாற்றினால் சுமை 180 வாட்டாகும். அதே பேட்டரி ஆறு மணி நேரத்துக்கு மேல் வரும். ஃபேனுக்குச் செலவிட்ட பணம் மின் கட்டணத்திலும் திரும்பி வரும்.

3. தேர்வு

இன்வெர்ட்டரில் சைன் வேவ் வகையே தகும். ஸ்கொயர் வேவில் சாதாரண ஃபேன் உறுமும், சூடாகும். லித்தியம் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், விலைதான் கூடுதல். டியூபுலர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் கட்டாயம். ஆர்.ஓ. தண்ணீர் போதும் என்பது தவறு: அதில் மிஞ்சியிருக்கும் உப்புகள் ஈயத் தகடுகளைக் கெடுக்கும்.

4. பொருத்துதல்

4.1 இடம்

சார்ஜ் ஏறி முடியும் தறுவாயில் டியூபுலர் பேட்டரி ஹைட்ரஜனை வெளிவிடும். விளக்கேற்றும் பூஜையறையும் கதவடைத்த அலமாரியும் ஆகாது. வெயில் காயும் சுவரோரமும் வேண்டாம். வெப்பம் 10 டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். வெள்ளம் ஏறும் தெருவானால் மாடியில் வைப்பதே சரி.

4.2 ஒயரிங்

பழைய வீடுகளில் தவறு நேர்வது இங்கேதான். இன்வெர்ட்டர் லைனுக்கு ஃபேஸைத் தனியாகப் பிரிக்கும் எலக்ட்ரீஷியன், நியூட்ரலைப் பழையபடி கலந்தே விட்டுவிடுவதுண்டு. அப்படிக் கலந்தால், கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி காரணமில்லாமல் ட்ரிப் ஆகும். வீட்டார் எரிச்சலில் அதையே கழற்றச் சொல்வார்கள். உயிர்காக்கும் கருவியைக் கழற்றக்கூடாது, நியூட்ரலைப் பிரிக்க வேண்டும். மெயினில் உள்ள ஆர்சிசிபி, இன்வெர்ட்டர் ஓடும்போது காக்கும் என்றும் நம்ப முடியாது. இன்வெர்ட்டரின் வெளியீட்டு லைனில் தனியாக ஒன்று தேவை. வேலை முடிந்ததும் மெயினை இறக்கி, எல்லா ஃபேனையும் ஓடவிட்டு, அந்த ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்த பிறகே கூலியைக் கொடுக்கலாம்.