ஃபாண்டூ எங்கே, ரோஸ்டி எங்கே? செர்மாட் ஸ்கீ கிராமத்துல பர்ஸ் காலியாகாம சாப்பிட ஒரு கைடு!

சுவிட்சர்லாந்து ட்ரிப் ரீல்ஸ்ல ஒரு காட்சி கண்டிப்பா வரும். பின்னணியில் பனி மலை, முன்னாடி ஒரு மர மேஜை, அதுமேல குமிழ் விட்டுக் கொதிக்கிற சீஸ் சட்டி. 'ஒருநாள் நாமளும் போகணும்'னு அதை நீங்க சேவ் பண்ணி வெச்சிருக்கலாம். அந்த ரீல்ஸ் காட்டாத ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, அந்தச் சட்டிக்கான பில். இன்னொண்ணு, அங்கிருந்து கீழே இறங்க கடைசி கேபிள் கார் எத்தனை மணிக்குங்கறது.

ஆல்ப்ஸ் மலையில இருக்கிற ஸ்கீ ஊர்கள்ல 'எங்கே சாப்பிடலாம்?'ங்கற கேள்விக்கு ரெஸ்டாரன்ட் பேரை மட்டும் சொன்னா பதில் முழுமையாகாது. எந்த உயரத்துல, எந்த நேரத்துல என்பதும் சேரணும். அதைப் புரிஞ்சுக்க சரியான ஊர், மேட்டர்ஹார்ன் சிகரத்தின் அடிவாரத்துல இருக்கிற செர்மாட்.

முதல்ல ஊரைப் புரிஞ்சுக்கங்க

செர்மாட் கிராமமே சுமார் 1,600 மீட்டர் உயரத்துல இருக்கு. பெட்ரோல், டீசல் கார்களுக்கு ஊருக்குள்ள அனுமதி கிடையாது. கார்ல வர்றவங்க பக்கத்து ஊரான டேஷ்ல நிறுத்திட்டு ரயில்லதான் வரணும். ஊருக்குள்ள நடை, இல்லன்னா சின்னச் சின்ன எலெக்ட்ரிக் வண்டிகள்.

கிராமத்தைச் சுத்தி மூணு பக்கமும் மலை ஏறுது. ஒரு பக்கம் சுரங்கத்துக்குள்ளேயே போற ரயில்ல சுன்னெகா. இன்னொரு பக்கம் 1898-லேருந்து ஓடுற பல்சக்கர ரயில்ல கார்னர்கிராட். மூணாவது பக்கம் கேபிள் கார்கள் மாறி மாறி 3,883 மீட்டர் உயரத்துல இருக்கிற மேட்டர்ஹார்ன் கிளேசியர் பாரடைஸ். இந்த மூணு வழியிலும் ரெஸ்டாரன்ட்கள் உண்டு. அதனால, 'இன்னிக்கு எந்தப் பக்கம் போறோம்'னு முடிவு பண்ணிட்டாலே, 'மதியம் எங்கே சாப்பிடறோம்'ங்கறதுல பாதி முடிவாயிடும்.

காலை: பேக்கரிதான் பெஸ்ட்

ஒரு ஸ்விஸ் ஃப்ராங்க் நம்ம ஊர்க் காசுக்கு 100 ரூபாய்க்கு மேல. மலையில ஒரு சாதாரண மதியச் சாப்பாடே 25, 30 ஃப்ராங்க் ஆகும். மூணு வேளையும் ரெஸ்டாரன்ட்ல உட்கார்ந்தா ஒரு வாரத்துக்குள்ள பட்ஜெட் பனிச்சரிவு மாதிரி இறங்கிடும். அதனால காலையில சிக்கனமா தொடங்குங்க.

ரயில் நிலையத்துக்கு எதிரேயே கூப் சூப்பர் மார்க்கெட் இருக்கு. மிக்ரோஸும் ஊருக்குள்ள இருக்கு. பிரெட், சீஸ், தயிர், பழம், ரெடிமேட் சாண்ட்விச் எல்லாம் கிடைக்கும். ஃபுக்ஸ்னு ஒரு பேக்கரி இங்கே பிரபலம். இவங்களோட 'பெர்க்ஃப்யூரர்ப்ரோட்', அதாவது மலை வழிகாட்டிகளின் ரொட்டி, பழமும் கொட்டையும் சேர்த்துச் செஞ்ச கெட்டியான ஐட்டம். பையில போட்டா நசுங்காது, குளிர்லயும் கெடாது, ரெண்டு துண்டு சாப்பிட்டா பசி ரொம்ப நேரம் தாங்கும்.

தண்ணிக்குக் காசு கொடுக்க வேண்டாம். தெருக் குழாய்ல வர்ற தண்ணி குடிக்கறதுக்கு ஏத்தது. 'குடிக்க முடியாது'ன்னு போர்டு இருக்கிற இடத்தை மட்டும் தவிர்த்துட்டு, பாட்டிலை நிரப்பிக்கிட்டு கிளம்புங்க.

மதியம்: மலைதான் மெயின் சாப்பாடு

செலவு பண்ணணும்னு முடிவு பண்ணிட்டா, அதை மதியத்துக்கு வைங்க. ராத்திரி எந்த ரெஸ்டாரன்ட் ஜன்னல்லேயும் இருட்டுதான் தெரியும். அந்தக் காட்சிக்கும் சேர்த்துத்தானே காசு கொடுக்கறோம்?

*ஃபிண்டெல்ன்:* சுன்னெகாவிலிருந்து கீழே இறங்குற வழியில, சுமார் 2,100 மீட்டர்ல இருக்கிற குட்டி மலைக் கிராமம். வெயில்ல கருத்துப்போன பழைய மர வீடுகள், நேர் எதிர்ல மேட்டர்ஹார்ன். 'ஷே வ்ரோனி', 'ஃபிண்ட்லர்ஹோஃப்' ரெண்டும் இங்கேதான். ஷே வ்ரோனி உலகப் புகழ். சீசன்ல முன்பதிவு இல்லாம போனா டேபிள் கிடைக்கறது கஷ்டம். வாழ்நாள்ல ஒரு தடவை ஆடம்பரமா ஒரு மதியச் சாப்பாடுன்னா, அதுக்கான இடம் இந்தக் கிராமம்.

*சும் சே:* ஃபுரியிலிருந்து செர்மாட் இறங்குற வழியில இருக்கிற இன்னொரு சின்னக் குடியிருப்பு. அதே பேர்ல இருக்கிற ரெஸ்டாரன்ட் பாஸ்தாவுக்குப் பேர்போனது. ஸ்கீ தெரியாதவங்களும் கிராமத்துலேருந்து நடந்தே போயிடலாம். இங்கேயும் புக்கிங் அவசியம்.

*கார்னர்கிராட்:* ஸ்கீயே வேண்டாம், காட்சி மட்டும் போதும்னு நினைக்கிறவங்களுக்கு இதுதான் சாய்ஸ். ரயில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான நேரத்துல 3,089 மீட்டருக்குக் கூட்டிட்டுப் போயிடும். மேலே ஓட்டலும் ரெஸ்டாரன்ட்டும் இருக்கு. வழியில ரிஃபெல்பெர்க்ல செல்ஃப் சர்வீஸ் உண்டு. தட்டை எடுத்துக்கிட்டு, விலையைப் பார்த்து, வேணுங்கறதை மட்டும் வெச்சுக்கலாம். பட்ஜெட் பார்ட்டிகளுக்கு இந்த முறை ரொம்பவே வசதி.

*கிளேசியர் பாரடைஸ்:* 3,883 மீட்டர்லயும் ரெஸ்டாரன்ட் இருக்கு. ஆனா, அங்கே வயிறு முட்டச் சாப்பிடாதீங்க. காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கறதைவிட மூணுல ஒரு பங்குக்கு மேல குறைவு. தலைவலி, குமட்டல் வர வாய்ப்பு உண்டு. தண்ணியே அங்கே சுமார் 87 டிகிரியில கொதிச்சிடும். குக்கர் இல்லாம சாதம் வெச்சா வேகவே நேரம் பிடிக்கிற உயரம் அது! சூப், டீன்னு லேசா முடிச்சிட்டு, நிறைய தண்ணி குடிச்சிட்டு, கீழே வந்து சாப்பிடறதுதான் புத்திசாலித்தனம்.

லஞ்சுக்கு இத்தாலி போலாமா?

போலாம். மலை உச்சிக்கு அந்தப் பக்கம் இத்தாலியின் செர்வினியா. ரெண்டு நாட்டுக்கும் சேர்த்து ஸ்கீ பாஸ் வாங்கினவங்க காலையில ஸ்விஸ்ல கிளம்பி, மதியம் இத்தாலியில பாஸ்தாவும் பொலென்டாவும் சாப்பிட்டுட்டு, சாயங்காலம் திரும்பிடுவாங்க. பொதுவா ஸ்விஸ் பக்கத்தைவிட அங்கே விலை குறைவு. காபி விலையைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். 2023 ஜூலையிலிருந்து எல்லைக்கு நடுவுலயும் கேபிள் கார் ஓடுறதால, ஸ்கீ தெரியாதவங்களும் தாண்டலாம். டிக்கெட் விலை அதிகம்ங்கறதால, லஞ்சுக்காக மட்டும் போனா கட்டுப்படியாகாது. பாஸ்போர்ட்டை மறக்காதீங்க.

இங்கேதான் ஒரு பெரிய ரிஸ்க் இருக்கு. திரும்பி வர பல லிஃப்ட்கள் மாறணும். கடைசி இணைப்பை விட்டுட்டா, மலையைச் சுத்தி ரோடு வழியா வர பல மணி நேரம் ஆகும், டாக்ஸி பில் உங்க முழு வாரச் சாப்பாட்டுச் செலவையே தூக்கிச் சாப்பிட்டுடும். அதைவிட முக்கியம், காத்து பலமா அடிச்சா மேல் லிஃப்ட்களை நேரத்துக்கு முன்னாடியே நிறுத்திடுவாங்க. அதனால ரெண்டு விஷயத்தைப் பழக்கமாக்கிக்கங்க. ஆர்டர் கொடுக்கறதுக்கு முன்னாடி அன்னிக்கான கடைசி லிஃப்ட் நேரத்தை ஆப்ல பாருங்க. வானம் மாறுதுன்னா டெசர்ட்டை மறந்துட்டு எழுந்திரிங்க. இது செர்மாட் பக்க ரெஸ்டாரன்ட்களுக்கும் பொருந்தும்.

இரவு: கிராமத்துல சீஸ் திருவிழா

ஃபாண்டூவை ராத்திரிக்கு வைங்க. வயித்துல கனமா உட்காரும் சாப்பாடு அது. அதைச் சாப்பிட்டுட்டு பனியில சறுக்கறது சிரமம். பான்ஹோஃப்ஸ்ட்ராஸே தெருவுல மான்ட்டே ரோசா ஓட்டல் இருக்கு. 1865 ஜூலை 14 அன்னிக்கு மேட்டர்ஹார்ன் உச்சியை முதன்முதலா தொட்ட குழுவுல இருந்த எட்வர்ட் விம்பர் தங்கின இடம். இறங்கும்போது அந்த ஏழு பேர்ல நாலு பேர் விழுந்து இறந்துட்டாங்க. அந்த ஓட்டல்ல இருக்கிற 'விம்பர் ஷ்டூபே', ஃபாண்டூவுக்குப் பேர்போன இடம். சின்ன மர அறை, அதனால புக்கிங் அவசியம். சீஸ் வாடையே வேண்டாம்னா, ஓட்டல் போஸ்ட்ல இருக்கிற 'ப்ரௌன் கௌ' பப்ல பர்கர், சாண்ட்விச் சாப்பிடலாம். இந்த ஊர் கணக்குக்கு விலை பரவாயில்லை.

நேரம் முக்கியம். நம்ம ஊர் மாதிரி ராத்திரி பத்தரைக்குப் போய் உட்கார்ந்தா பல கிச்சன்கள் மூடியிருக்கும். ஏழு, ஏழரைக்கே போயிடுங்க.

மெனு கார்டுல என்ன இருக்கு?

*ஃபாண்டூ:* உருக்கின சீஸ்ல ரொட்டித் துண்டை முக்கிச் சாப்பிடறது. இதுல வொயிட் ஒயின் கலந்திருக்கும், பல நேரம் கிர்ஷ்ங்கற செர்ரி மதுவும். மது வேண்டாம்னா ஆர்டர் பண்ணும்போதே சொல்லுங்க.

*ராக்லெட்:* செர்மாட் இருக்கிற வாலே மாநிலத்தின் சொந்த ஐட்டம். சீஸை அனல்ல காட்டி, உருகுற பகுதியைச் சுரண்டி, வேகவெச்ச உருளைக்கிழங்கு மேல போடுவாங்க. கூடவே ஊறுகாய் வெள்ளரியும் சின்ன வெங்காயமும்.

*ரோஸ்டி:* துருவின உருளைக்கிழங்கை மொறுமொறுன்னு அடை மாதிரி சுட்டுத் தர்றது. வயிறும் நிறையும், விலையும் ஓரளவு கட்டுப்படியாகும்.

*கொலேரா:* பயப்படாதீங்க, இது ஒரு பை. உருளைக்கிழங்கு, லீக்ஸ், ஆப்பிள், சீஸ் உள்ளே இருக்கும். 19-ம் நூற்றாண்டுல காலரா பரவினப்போ, வெளியே போக முடியாம வீட்டுல இருந்ததை வெச்சுச் செஞ்சதால இந்தப் பேர் வந்ததுன்னு சொல்வாங்க. கரியைக் குறிக்கிற வட்டாரச் சொல்லிலிருந்து வந்ததுங்கறது இன்னொரு விளக்கம்.

வெஜ், நோ பீஃப் மக்கள் கவனத்துக்கு

வெஜ்னு நினைச்சு ஆர்டர் பண்ற ரோஸ்டியிலயும், ஆல்ப்ளர்மக்ரோனன்ங்கற மக்ரோனியிலயும் பன்றி பேக்கன் துண்டுகள் இருக்கலாம். 'ஓனே ஷ்பெக்' (பேக்கன் வேண்டாம்), 'ஓனே ஃப்ளைஷ்' (கறி வேண்டாம்) ரெண்டையும் மனப்பாடம் பண்ணிக்கங்க. மெனுவுல 'ரிண்ட்'னு இருந்தா மாடு, 'ஷ்வைன்'னு இருந்தா பன்றி. 'வாலிஸர் டெல்லர்' தட்டுல வர்ற உலர்ந்த கறி பெரும்பாலும் மாட்டுக்கறிதான். காய்கறி சூப்கூட மாட்டு எலும்பு ஸ்டாக்ல செஞ்சதா இருக்கலாம், கேட்டுடுங்க. இன்னொரு விஷயம்: க்ரூயேர் மாதிரியான பாரம்பரிய சீஸ் வகைகளைக் கன்றுக்குட்டி இரைப்பையிலிருந்து எடுக்கிற ரென்னெட் சேர்த்துத்தான் உறைய வைப்பாங்க. சுத்த சைவம்னா ஃபாண்டூவையே யோசிக்கணும்.

சுவிட்சர்லாந்துல எந்த ஊர் ரெஸ்டாரன்ட் கிச்சன்லேருந்தும் தமிழ்க் குரல் கேட்டா ஆச்சரியப்படாதீங்க. 1980-கள்லேருந்து அகதிகளா அங்கே போன ஈழத்தமிழர்கள் நிறைய பேருக்கு முதல் வேலை கிடைச்சது ஓட்டல் சமையலறைகள்லதான். அப்படி ஒரு அண்ணன் மாட்டினா, சூப்புல என்ன இருக்குன்னு தமிழ்லயே கேட்டுடலாம்!

பில் வரும்போது

சர்வீஸ் சார்ஜ் விலையிலேயே அடங்கியிருக்கும். டிப்ஸ் கட்டாயமில்லை. சர்வீஸ் பிடிச்சிருந்தா பில்லை அடுத்த முழுத் தொகைக்கு ரவுண்டு பண்ணிக் கொடுத்தா போதும். டேபிள்ல தண்ணி கேட்டா பெரும்பாலும் பாட்டில் தண்ணியைத்தான் கொண்டு வருவாங்க, அதுக்குக் காசு உண்டு. குழாய்த் தண்ணிக்கும் சில இடங்கள்ல காசு வாங்குவாங்க. முன்னாடியே கேட்டுக்கங்க.

போற மாசத்தையும் பார்த்துக்கங்க. குளிர்கால சீசன் முடிஞ்ச மே மாசத்துலயும், அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் வரையும் பல ரெஸ்டாரன்ட்கள் மூடியிருக்கும். ரூம் மலிவா கிடைக்குதேன்னு புக் பண்ணிட்டு, சூப்பர் மார்க்கெட் சாண்ட்விச்சோட திரும்பி வர வேண்டியிருக்கும்.

மூணு நாள் தங்கறீங்கன்னா கணக்கு இப்படி இருக்கட்டும். மூணு நாளும் காலையில பேக்கரி. ஒருநாள் மதியம் ஃபிண்டெல்ன்ல ஆற அமர ஒரு சாப்பாடு, மத்த ரெண்டு நாள் பையில கட்டிக்கிட்டுப் போற ரொட்டி அல்லது செல்ஃப் சர்வீஸ். ஒருநாள் ராத்திரி ஃபாண்டூ, மத்த ராத்திரிகள்ல ரோஸ்டியோ பர்கரோ. ஆசைப்பட்ட ரெண்டு சாப்பாடும் கிடைச்சிடும், கார்டும் கதறாது. மலையில எங்கே உட்கார்ந்தாலும், மெனு கார்டைத் திறக்கறதுக்கு முன்னாடி கடைசி லிஃப்ட் நேரத்தைப் பார்த்துடுங்க மக்களே!