ஒளிச்சேர்க்கை

பச்சைத் தாவரங்கள், பாசிகள், சில பாக்டீரியாக்கள் ஆகியவை ஒளியாற்றலை வேதியாற்றலாக மாற்றிச் சேமிக்கும் நிகழ்வு. புதுச்சேரிக் கருவடிக்குப்பத்தின் மாமர இலையிலும் இதுவே நடக்கிறது. செல்லிலுள்ள பசுங்கணிகத்தின் தைலகாய்டு சவ்வில் பச்சையம் சிவப்பு, நீல ஒளியை மிகுதியாக ஈர்க்கிறது. அவ்வாற்றலால் நீர் பிளந்து ஆக்சிஜன் வெளியேறுகிறது. ஆற்றலைத் தாங்கும் மூலக்கூறுகளான ஏடிபி, என்ஏடிபிஎச் உருவாகின்றன. பசுங்கணிகத்தின் ஸ்ட்ரோமாவில் ரூபிஸ்கோ நொதி கார்பன் டை ஆக்சைடைப் பிணைக்க, ஏடிபி, என்ஏடிபிஎச் ஆகியவற்றின் ஆற்றலால் சர்க்கரை உருவாகிறது. சர்க்கரை உருவாகும் இந்த வினைச் சுழற்சியை விளக்கிய மெல்வின் கால்வின் 1961-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். மாமரத்தில் கார்பன் டை ஆக்சைடு பிணைந்து முதலில் உருவாவது மூன்று கார்பன் சேர்மம்; எனவே அது சி3 தாவரம். புதுச்சேரி வட்டாரத்தில் விளையும் கரும்பு நான்கு கார்பன் சேர்மத்தில் தொடங்கும் சி4 தாவரம். கடும் வெயிலில் இதன் ஒளிச்சேர்க்கைத் திறனே அதிகம்.